மில்லுப் பேச்சு

மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு ஒருவன் கத்தினால், அவன் தெருவுக்குப் புதுசு என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் உறுமி, பெல்ட் சுற்றி, கல்லோடு கல் உரசத் தொடங்கிவிட்டால் அங்கே தொண்டைக்கு வேலை கிடையாது. என்ன கத்தினாலும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். பழகினவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். ‘கோதுமை, நைசா வேணும்’ என்று உதடு சொன்னால் போதும், மில்லுக்காரம்மா தலையாட்டிவிட்டுச் சாக்கை அவிழ்ப்பாள். குரலை எதற்கு வீணாக்குவது? மில்லுக்காரர் வீட்டில் அதற்கு மில்லுப் பேச்சு என்று பெயர்.

மில்லுக்காரம்மாவுக்கு அந்தப் பேச்சு மில்லோடு நிற்கவில்லை. அவள் பின்னாலேயே அடுப்படிக்கும் படுக்கைக்கும் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குப் பாம்புச் செவி என்று சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் குருவிகள் போயின. காலையில் கத்துவதை விட்டுவிட்டன போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். பிறகு பால் பொங்குகிற சத்தம் போயிற்று. பிறகு கதவு தட்டுகிற சத்தம். ஒருநாள் வாசலுக்கு வந்தவள் தெரு முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். மழை அப்படிக் கொட்டித் தீர்த்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு உள்ளே போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள். அதற்காக அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? தெருவே வந்து காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தும். கத்துகிறவன் வாய் கோணிக்கொண்டு போகும், அப்புறம் எதைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வது? முகத்தைக் காட்டிப் பேசினால் அவளுக்கு எல்லாம் விளங்கும். காட்டாவிட்டால் சிரித்துச் சமாளிப்பாள். அதனால் தெருவில் அவளுக்கு ‘பாதிக் காது, பாதித் திமிர்’ என்று பெயர் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிக்கல் மில்லுக்காரரிடம்தான். மனிதர் தங்கமானவர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மீசை வைத்திருந்தார். ஏதோ பேருக்கு வைத்த மீசை இல்லை; மேலுதட்டை முழுசாக விழுங்கிவிட்டுக் கீழுதட்டுக்கும் நிழல் கொடுக்கிற மீசை. அதில் எந்நேரமும் மாவு படிந்திருக்கும். அதற்குப் பின்னாலிருந்து அவர் என்ன பேசுகிறார் என்பது அவருக்கும் கடவுளுக்குமே வெளிச்சம். காது போனதிலிருந்து அவள் குத்துமதிப்பாகத்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். மீசை மேலே ஏறினால் சாப்பாடு கேட்கிறார். இரண்டு பக்கமும் துடித்தால் கோபம். வேலை நேரத்தில் அது ஓயாமல் லேசாக அசைந்துகொண்டே இருக்கும். தன்னைத்தான் முணுமுணுவென்று திட்டுகிறார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். திட்டட்டும், காதிலா விழப்போகிறது.

ஆக, அவளோடு பேச அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் மகள். தவழுகிற வயதில் தானியச் சாக்குகளுக்கு இடையில் புகுந்து புறப்பட்டு வந்ததால் அந்தப் பெண்ணுக்கு எலி என்று பெயர் விழுந்தது. வளர்ந்த பிறகும் அது விலகவில்லை. எலிக்குப் பேச்சு வந்ததே மில்லுக்குள்தான். அம்மாவுக்கு எதிரே வந்து நின்று, முகத்தை நிமிர்த்தி, உதட்டைப் பிரித்துப் பேசுவது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். எந்த டீச்சர் யாரைத் திட்டினாள், எந்தப் பெண் எதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று ஒன்று விடாமல் உதட்டில் ஓடும். சத்தமே இல்லாமல் இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பார்த்து, மாவு அரைக்க வந்தவர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று துணியைச் சரிசெய்துகொள்வார்கள்.

எலிக்குக் கணக்கு என்றால் உயிர். பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம் டியூஷன் வாத்தியார் ஒரு சேதி கொண்டுவந்தார். தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதாம். அங்கே கணக்கை மட்டுமே ஐந்து வருஷம் படிக்கலாமாம். விடுதியில் தங்க வேண்டும். முதலில் நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் நேர்காணல். விரல் விட்டு எண்ணுகிற அளவு பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள்.

எலி படிக்கிற இடத்தைப் பார்க்க வாத்தியார் வீட்டுக்கே வந்தார். மில்லுக்குப் பின்னால் இருக்கிற அறைதான். நடுவில் ஒரு மேசை, அது அறையைப் பார்த்துக் கிடந்தது. எலி படித்துக்கொண்டே நிமிர்ந்தால் அம்மா தெரிவாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்தால் எலி தெரிவாள்.

“இந்த மேசை ஏம்மா இப்படிக் கிடக்கு? போறவங்க வர்றவங்க எல்லாம் கண்ணுல படுவாங்களே. சுவத்தைப் பாத்துப் போடுங்க. பரீட்சை முடியற வரைக்கும் பொண்ணுகிட்ட யாரும் பேச்சுக் குடுக்காதீங்க. இது சாதாரணப் பரீட்சை இல்ல.”

வாத்தியாருக்கு மீசை கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. அவர் போனதும் மில்லுக்காரம்மா வேறு யாரையும் கூப்பிடாமல் தானே மேசையைத் தூக்கிச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது மறுநாள் சாயங்காலம்தான் அவளுக்குப் புரிந்தது. எலி வந்தாள், முகம் கழுவினாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு முதுகும் பின்னலும்தான்.

மற்ற வீட்டு அம்மாக்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. முதுகு காட்டி உட்கார்ந்தாலும் பெண்ணின் குரல் வரும், புத்தகம் புரட்டுகிற சத்தம் வரும், தனக்குத் தானே சூத்திரம் சொல்லிப் பார்ப்பது கேட்கும். இவளுக்கு முகம் திரும்பினால் கதவு அடைத்த மாதிரி. ஒரே அறைக்குள் மகளை வைத்துக்கொண்டு மகளுக்காக ஏங்கினாள். சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கும்போது எலி நிமிர்ந்து ‘வச்சுட்டுப் போம்மா’ என்பாள். அந்த இரண்டு சொல்லைப் பார்ப்பதற்காகவே தேநீர், பழம், தண்ணீர் என்று எதையாவது கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள். நாளாக ஆக எலி நிமிராமலே கையை மட்டும் ஆட்டினாள்.

வேறு வழியில்லாமல் அவள் முதுகைப் படிக்கத் தொடங்கினாள். மில்லு வேலை முடிந்து, மாவு இறங்குகிற துணிக்குழாயை உதறி, கண்ணிமையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு வந்து, பின்னால் ஒரு சாக்கில் சத்தம் செய்யாமல் உட்காருவாள். கணக்கு வராவிட்டால் எலியின் தோள்பட்டை இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்ளும். வழி தெரிந்துவிட்டால் சட்டென்று இறங்கும். இறங்கும்போது அம்மாவுக்கும் பெருமூச்சு வரும். குளிர் காலம் போய் வெயில் வருகிற வரைக்கும் இதுதான் இருவருக்கும் நடந்த பேச்சு.

எழுத்துத் தேர்வில் எலி தேறிவிட்ட சேதி ரொட்டிக்கடைக்காரர் மூலம் வந்தது. தெருவில் அவர் கடையில்தான் டெலிபோன் இருந்தது. அதனால் நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயால்தான் வரும். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. நேர்காணலுக்கு எலியைத் தயார் செய்யும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா?

அன்றைக்கு மில் ஓடவில்லை. கல் கொத்துகிற நாள். அரைத்து அரைத்து வழவழத்துப் போன கல்லை இறக்கி வைத்து, மில்லுக்காரர் உளியால் பள்ளம் பள்ளமாகக் கொத்திக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் கவிழ்த்துப் போட்ட டின்னில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எலி எதிரே நின்றாள்.

“நான்தான் பெரிய புரொபசர்னு வச்சுக்கோ. சொல்லு, நீ எதுக்கு இந்தப் படிப்பு படிக்கணும்?”

“பிடிச்சிருக்கு மாமா.”

“பிடிச்சிருக்குன்னா? எனக்குத் தூங்கறதுகூடத்தான் பிடிச்சிருக்கு. அதுக்கு எவனாவது சீட்டுக் குடுப்பானா?”

“தூங்கினா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதே மாமா.”

“எதுத்துப் பேசாதே. புரொபசர் கோவிச்சுக்குவார். சரி, படிச்சு என்ன பண்ணப் போறே?”

“இன்னும் படிப்பேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறமும்.”

ரொட்டிக்கடைக்காரர் மில்லுக்காரரைப் பார்த்தார். “அண்ணே, இது தேறாது. பசி எடுத்தா என்ன பண்ணும்னு கேட்டா, கணக்குப் போடும்னு சொல்லும் போலிருக்கு.” பிறகு எலியிடம் திரும்பினார். “இன்னொண்ணு கவனிச்சேன். நான் பேசறப்ப நீ என் வாயையே பாக்கறே. கண்ணைப் பாக்கணும்னு வாத்தியார் சொன்னாரா இல்லையா?”

“பழக்கம் மாமா. வாயைப் பாத்தாத்தான் பேச்சுப் புரியுது.”

“வாயைப் பாத்தியோ, இந்தப் பொண்ணு எப்ப பலகாரம் குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டிருக்குன்னு நெனச்சுக்குவாங்க. கண்ணைப் பாரு.”

எலி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மில்லுக்காரம்மா தேநீர் எடுத்துக்கொண்டு வந்தவள் கதவருகில் நின்றாள். ரொட்டிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டும். முன்பக்கம் குனிந்துகொண்டு பேசினார். அவளுக்குத் தாழ்த்தினால் என்ன, உயர்த்தினால் என்ன?

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. பொண்ணு போயிட்டா உங்க வீட்டம்மாகூட யாரு பேசுவா? நாங்க பேசினா சிரிக்குது, அவ்வளவுதான்.”

மில்லுக்காரர் உளியைக் கீழே வைத்தார். மீசை அசைந்தது. கொஞ்ச நேரம் நின்று, மறுபடியும் அசைந்தது. அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். என்ன சொல்லியிருப்பார்? ‘போனாப் போகட்டும், எனக்கென்ன’ என்றா? அவள் தேநீரை இருவருக்கும் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

அந்தக் கேள்வி அவளுக்குள் ஏற்கெனவே கிடந்ததுதான். அடுத்தவன் வாயில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. டெலிபோனில் வாய் தெரியாது. கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம், ஆனால் கடிதமா வந்து எதிரே நின்று சிரிக்கப் போகிறது? ஐந்து வருஷம். அதற்குப் பிறகு இன்னும் படிப்பாளாம், அதற்கப்புறமும். ‘கடவுளே, எம் பொண்ணுக்கு அந்த இடம் கெடைக்கணும்’ என்று வேண்டிக்கொள்வாள். வேண்டி முடிப்பதற்குள் ‘கெடைக்காமப் போனா வீட்டோட இருப்பாளே’ என்று இன்னொரு மனசு சொல்லும். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? வாயில் போட்டு அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் நினைப்பு வந்தது வந்ததுதான்.

நேர்காணலுக்கு அவள்தான் கூடப் போனாள். கொத்தின கல்லை மாட்டியிருந்தார்கள், மில்லைப் போட்டுவிட்டு மில்லுக்காரர் நகர முடியாது. பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் ஒருவர் வாய் ஒருவருக்குத் தெரியாது. எலி சன்னலோரம் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு வந்தாள். அம்மா மடியில் ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, வெளியே போகிற வயல்களையும் கம்பங்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பல்கலைக்கழகம் பெரிய கட்டடம். நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள். பிள்ளைகள் புதுச் சட்டையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒருவர் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். எலியின் முறை வந்தது. போகும்போது திரும்பிப் பார்த்து, ‘போயிட்டு வர்றேன்’ என்று சத்தமில்லாமல் சொன்னாள்.

அறைக் கதவின் மேல்பாதியில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்ற தைரியத்தில் பதித்த கண்ணாடி. கூப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்க நகர்ந்த நேரத்தில் மில்லுக்காரம்மா எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள்.

உள்ளே மூன்று பேர். ஒரு பக்கம் உதட்டுச் சாயம் பூசிய அம்மாள். இன்னொரு பக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நடுவில் ஒரு பெரியவர், அவருக்கு மார்வரை தாடி. எலி கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இங்கேயும் அதே முதுகு, அதே பின்னல்.

உதட்டுச் சாயக்காரம்மா புண்ணியவதி. அவள் பேசுவது அச்சடித்த மாதிரி தெரிந்தது.

“உனக்குப் பிடிச்ச ஒரு கணக்கைப் போர்டுல போட்டுக் காட்டு.”

எலி எழுந்து கரும்பலகையில் எழுதினாள். ஒல்லி மனிதர் இடையில் எதையோ கேட்டார். எலியின் கை நின்றது. தோள்பட்டை மெல்ல மேலே ஏறியது. காதுவரைக்கும் ஏறிவிட்டது. சாக்கட்டி அப்படியே நிற்கிறது. மில்லுக்காரம்மாவின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை மறைத்து என்ன பிரயோசனம், எட்டித்தான் பார்த்தது. ‘வந்துரு கண்ணு, வீட்டுக்குப் போயிரலாம்’ என்றுதான் அந்தச் சந்தோஷம் சொன்னது. மறுகணம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பொழுதெல்லாம் கண்முன்னால் வந்தது. ‘இறங்கு, இறங்கு’ என்று தோள்பட்டையைப் பார்த்து மன்றாடினாள். இறங்கியது. சாக்கட்டி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

சாயக்காரம்மா ஒல்லி மனிதர் பக்கம் சாய்ந்து, “நல்லா யோசிக்கறா” என்றாள்.

எலி வந்து உட்கார்ந்தாள். இப்போது தாடிக்காரர் ஏதோ கேட்டார். தாடிக்குள்ளே உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உலகத்தில் பெரிய கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் எதற்கு முகத்தில் இப்படிக் காடு வளர்க்கிறார்கள்? எலி பதில் சொன்னாள் போலிருக்கிறது. சொல்லச் சொல்லத் தலை கவிழ்ந்துகொண்டே போனது. கேட்ட மூவரின் முகமும் மாறியது.

“அப்ப எதுக்கும்மா அப்ளை பண்ணே?” என்றாள் சாயக்காரம்மா. “வர முடியாதுன்னா இந்த எடத்தை வேற யாருக்காவது குடுக்கலாமே.”

“வீட்டுல ஒருத்தங்களைத் தனியா விட முடியாதுன்னா, பக்கத்துலயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கோ” என்றார் ஒல்லி மனிதர்.

தன்னைச் சொல்லித்தான் பெண் வேண்டாம் என்கிறாள். தான் மனசுக்குள் வேண்டியது அப்படியே அங்கே நடந்துகொண்டிருக்கிறது. யோசிக்கவில்லை. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினாள். எவ்வளவு சத்தம் வந்ததோ அவளுக்குத் தெரியாது. உள்ளே நால்வரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். எலியின் முகம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, முழுசாக அவளைப் பார்த்தது.

‘வர்றேன்னு சொல்லு’ என்றாள் கண்ணாடி வழியாக. குரல் இல்லை, உதடு மட்டும்.

‘நீ போம்மா’ என்றது எலியின் உதடு.

‘நான் இருந்துக்குவேன். வர்றேன்னு சொல்லு.’

‘யார்கூட இருந்துக்குவே?’

வாய் திறந்தபடி நின்றாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்து இழுத்தது. கூப்பிடுகிறவர்.

“என்னம்மா அநியாயம் இது? உள்ள இருக்கற பொண்ணுக்கு ஜாடை காட்டி பதில் சொல்லிக் குடுக்கறீங்களா? உங்களால அந்தப் பொண்ணையே வெளிய அனுப்பிருவாங்க.”

இழுபடும்போது அவள் கடைசியாகப் பார்த்தது சாயக்காரம்மா எழுந்து நின்று எலியிடம், “யாரது? என்ன சொல்லிக் குடுக்கறாங்க?” என்று கேட்டதைத்தான். எலி என்ன சொன்னாளோ, அது முதுகுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

முற்றத்து மரத்தடியில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். ஒரேயடியாகக் கெடுத்துவிட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எலி வந்தபோது அம்மா அவள் முகத்தைத்தான் முதலில் தேடினாள்.

“என்ன கேட்டாங்க?”

“கணக்கு.”

“அப்புறம்?”

“நீ என்ன சொன்னேன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“சொன்னேன்மா. விடு.” எலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் என்ன பேசினாலும் அது அம்மாவுக்கு இல்லை. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பேருந்து சன்னலில் தண்ணீர் வழிவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கொண்டுபோன ரொட்டியை யாரும் பிரிக்கவில்லை.

சேதி வரக் கொஞ்ச நாளாயிற்று. மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்கடைக்காரர் கையெல்லாம் பிசைந்த மாவோடு ஓடி வந்து வாசலில் நின்றார். அன்றைக்கு அவரும் கத்தவில்லை. மில்லுப் பேச்சில்தான் சொன்னார். ‘கெடைச்சிருச்சு.’ மில்லுக்காரர் பாதி சாக்கு அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் அப்படிச் செய்ததே கிடையாது. எலி அழுதாள். அம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டிப் பிடித்திருந்தால் வாய் தெரியாது. அந்த நேரத்துக்கு அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

புறப்படுகிற அன்று எலி அப்பாவை மில்லுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் பேசினாள். அப்பாவின் முதுகும் பெண்ணின் முதுகும்தான் தெரிந்தது. பேருந்தில் ஏறிய பிறகு சன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தாள். நேரத்துக்குச் சாப்பிடு, மழை வந்தா துணியை எடு, ராத்திரி அடுப்பைப் பாத்து அணை, நான் லீவுக்கு வந்துருவேன். பேருந்து திரும்பியது. முகம் போய் வண்டியின் பின்பக்கம் வந்தது. அப்புறம் புழுதி.

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் வேலை, அந்த மேசையைச் சுவரை விட்டு இழுத்துப் பழையபடி அறையைப் பார்த்துப் போட்டதுதான். சாக்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். முதுகுகூட இல்லை. ராத்திரி சாப்பாட்டில் மில்லுக்காரரின் மீசை ரொம்ப நேரம் அசைந்தது. அவள் குழம்பு கேட்கிறார் என்று நினைத்து ஊற்றினாள். அவர் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலையில் அவரைக் காணவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்லியிருப்பார், யார் கண்டது. அவளே மில்லைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, முதல் சாக்கைக் கொட்டினாள். கல்லின் வாய் வழியாகத் தானியம் இறங்க இறங்கக் குச்சியால் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. யாரோ ஒரு ஆள். வெயிலில் கறுத்த முகம், மூக்குக்குக் கீழே மட்டும் மாவு தடவின மாதிரி வெளுப்பு. கோணலான சின்ன உதடு. கையில் பை எதுவும் இல்லை.

‘என்ன அரைக்கணும்?’ என்று கேட்டாள்.

அந்த ஆள் ஒரு அடி உள்ளே வந்தார். பிறகு உதடு அசைந்தது.

‘ஒண்ணும் அரைக்க வேணாம். நான்தான்.’

அவள் கையிலிருந்த குச்சி விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவர் மேலுதட்டை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றும் அங்கே மீசைதான் இருந்தது.

‘எலி சொல்லிட்டுப் போனா’ என்றார். ஒவ்வொரு சொல்லாக, பழக்கமில்லாத பாஷை பேசுகிறவர்போல. ‘உள்ள கேட்டாங்களாம், உங்கம்மா என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு. வர்றேன்னு சொல்லச் சொல்றாங்க, ஆனா அவங்ககூடப் பேச வீட்டுல ஆள் இல்லன்னு சொன்னாளாம். அப்பா இல்லையான்னு கேட்டாராம் அந்தத் தாடிக்காரர். இருக்காரு, ஆனா மீசை வச்சிருக்காருன்னு சொன்னாளாம்.’

‘ஐயோ. அதுக்கு அவர் என்ன சொன்னாராம்?’

‘விழுந்து விழுந்து சிரிச்சாராம். அப்புறம் தாடியைத் தடவிக்கிட்டே, இதை உங்கப்பாகிட்டச் சொன்னியான்னு கேட்டாராம். இல்லன்னு சொன்னாளாம். மொதல்ல போய்ச் சொல்லு, சொல்லிட்டு இங்க வந்து சேருன்னாராம்.’ அவர் வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். ‘எனக்கு யாரும் சொல்லலியே. காது மந்தம்னு தெரியும். இவ்வளவு தூரம் போயிருச்சுன்னு தெரியாது. நான் பேசறப்பல்லாம் நீ பதில் சொல்லாமப் போவே. என்மேல வெறுப்புன்னு நெனச்சேன்.’

கடைசிச் சொல்லில் அவர் உதடு கோணிக்கொண்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண் மறைத்தால் அவர் அடுத்துச் சொல்வது தெரியாமல் போய்விடுமே என்ற பயம். அவருக்கு அழுகிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க வராது. பழையபடி பெல்ட் பக்கம் போய் நின்று, அதன் ஓட்டத்தைப் பார்த்தபடி வேலையைத் தொடங்கினார். உதடு தன்பாட்டுக்கு அசைந்தது. அவள் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். ‘ஓடு ராசா, ஓடு. இன்னும் ரெண்டு சாக்குதான். அறுந்து கிறுந்து போயிறாதே ராசா.’

இதுதானா? இவ்வளவு காலமும் அந்த மீசை பெல்ட்டோடு கொஞ்சிக்கொண்டிருந்ததா? அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்ன என்பதுபோலத் திரும்பினார்.

‘ஒண்ணு கேக்கணும்’ என்றாள். ‘அன்னிக்குக் கல்லு கொத்தறப்ப, பொண்ணு போயிட்டா இவகூட யாரு பேசுவான்னு ரொட்டிக்கடைக்காரர் கேட்டாரே. என்ன சொன்னீங்க?’

அவர் யோசித்தார். துணிக்குழாயிலிருந்து மாவு சாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

‘நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொன்னேன். அவதான் கேக்க மாட்டேங்கறான்னு.’

அவள் கவிழ்ந்து கிடந்த டின்னை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

‘சொல்லுங்க’ என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். பேசச் சொன்னால் பேச்சு வரவில்லை. கடைசியில் ஒரு பிடி மாவை அள்ளிப் பார்த்துவிட்டு, ‘மாவு கொஞ்சம் சூடா வருது’ என்றார்.

‘ஆமா’ என்றாள் அவள். ‘காலையிலேருந்தே அப்படித்தான் வருது.’